அவரைப் போலவே ஒரு குரல்: மிட்லர் வழக்கும் வெயிட்ஸ் வழக்கும்

குரல் தேர்வுக்கு வரும் கோரிக்கைகளில் பிரபலம் ஒருவரின் பெயர் இருப்பது அன்றாட நடைமுறை. வயது, உச்சரிப்பு, விளம்பரத்தின் நீளம் எல்லாவற்றையும் எழுதிவிட்டுக் கடைசியில் ‘மோர்கன் ஃப்ரீமன் மாதிரி’ என்று முடித்துவிடுவார்கள். அந்தக் கடைசி வரியை எப்படிப் படிப்பது என்பதில்தான் தேர்வாளரின் திறமை இருக்கிறது. கேட்பவருக்கு வேண்டியது அவருடைய நிதானமா, அவரேவா? நிதானம் என்றால் அது பலரிடம் கிடைக்கும். அவரேதான் என்றால் அவரிடம்தான் போய்க் கேட்க வேண்டும்.

அமெரிக்காவில் இந்தக் கேள்வி நான்கே ஆண்டு இடைவெளியில் இரண்டு முறை நீதிமன்றப் படியேறியது. பாடகி பெட் மிட்லர் ஃபோர்டு கார் நிறுவனத்தின் மீதும் அதன் விளம்பர நிறுவனமான யங் அண்ட் ரூபிகாம் மீதும் தொடுத்த வழக்கில் 1988இல் தீர்ப்பு வந்தது. பாடகர் டாம் வெயிட்ஸ் நொறுக்குத்தீனி நிறுவனமான ஃபிரிட்டோ-லே மீதும் அதன் விளம்பர நிறுவனமான டிரேசி-லாக் மீதும் தொடுத்த வழக்கில் 1992இல் தீர்ப்பு வந்தது. இரண்டையும் தீர்த்தது ஒன்பதாவது சரக மேல்முறையீட்டு நீதிமன்றம். இரண்டாவது தீர்ப்பு முதலாவதன் நீட்சி என்று ஒரே மூச்சில் சொல்லிக் கடந்துவிடுவது வழக்கம். ஆனால் தீர்ப்புகளை விட்டுவிட்டு, அந்த விளம்பரங்களுக்கான குரல் எப்படிக் கேட்கப்பட்டது, எப்படித் தேடப்பட்டது, எப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டது என்பதை அருகருகே வைத்துப் பார்த்தால், இரண்டும் எதிரெதிர் வாசல்கள் வழியாக ஒரே அறைக்குள் வந்து சேர்ந்தவை என்பது தெரியவரும். இரண்டும் பாடகர்களின் கதைதான். ஆனால் பேச்சுக் குரலைத் தேடுபவருக்கும் அவற்றில் பாடம் இருக்கிறது.

மறுப்பிலிருந்து தொடங்கலாம். 1985இல் யங் அண்ட் ரூபிகாம் ஃபோர்டுக்காக 19 விளம்பரங்களைத் திட்டமிட்டது. எழுபதுகளில் கல்லூரியில் படித்து, எண்பதுகளில் கை நிறையச் சம்பாதிக்கத் தொடங்கிய தலைமுறையினருக்கு அவர்களுடைய கல்லூரிக் காலப் பாடல்களையே போட்டுக்காட்டி மனத்தைத் தொட வேண்டும் என்பது எண்ணம். அசல் பாடகர்களையே அணுகினார்கள்; பத்துப் பாடல்களுக்கு அவர்கள் கிடைக்கவில்லை. மிட்லரின் மேலாளரை அழைத்தபோது அவர் கேட்டது ஒரே கேள்வி: இது விளம்பரமா? ஆம் என்றதும் பேச்சு அத்துடன் முடிந்துவிட்டது.

வெயிட்ஸின் மறுப்போ அந்த விளம்பரத்துக்கு முன்பே ஊரறிந்தது. விளம்பரத்துக்குப் பாடுவதில்லை என்பதைக் கொள்கையாகவே வைத்திருந்தவர் அவர். அப்படிப் பாடும் கலைஞர்களை வெளிப்படையாகக் கண்டித்தும் இருக்கிறார். டிரேசி-லாக்கின் தயாரிப்பாளர் அதற்கு முன்பு ஒரு குளிர்பான விளம்பரத்துக்காக அவரை அணுகியபோது, மறுப்பு மின்னல் வேகத்தில் வந்திருந்தது. மிட்லரிடம் கேட்டு ‘இல்லை’ என்ற பதிலை வாங்கினார்கள்; வெயிட்ஸிடம் ‘இல்லை’ என்று தெரிந்தே கேட்காமல் விட்டார்கள். இரண்டு இடத்திலும் கோரிக்கை எழுதப்பட்டபோது, யாருடைய குரல் வேண்டுமோ அவருக்கு விருப்பமில்லை என்பது முன்பே தெரிந்த செய்தி.

அடுத்தது, விலை கொடுத்து வாங்கியது எது என்பது. ஃபோர்டின் விளம்பரத்தில் பாட்டு முறைப்படி வாங்கப்பட்டது. மிட்லர் பாடிப் பதிவு செய்திருந்த ‘டூ யூ வாண்ட் டு டான்ஸ்’ என்ற பாடலுக்கு உரிமையாளரிடம் அனுமதி பெற்றிருந்தார்கள். மிட்லரின் பெயரோ படமோ எங்கும் இல்லை. சட்டம் கேட்கும் தாள்கள் எல்லாம் கையில் இருந்தன. பாடகியின் குரல் மட்டும் இல்லை.

ஃபிரிட்டோ-லேயின் டொரிட்டோஸ் சிப்ஸ் விளம்பரத்தில் பாட்டையே தொடவில்லை. ‘ஸ்டெப் ரைட் அப்’ என்ற வெயிட்ஸின் 1976ஆம் ஆண்டுப் பாடலைக் கேட்டு ஊக்கம் பெற்று, சல்சா ரியோ என்ற புதிய சுவைக்காகச் சொற்களைப் புதிதாக எழுதினார்கள். அந்த மூலப் பாடல் கூவி விற்பவனின் அடுக்குமொழியைக் கேலி செய்வது. விளம்பரத்தின் பொய்ப் பளபளப்பைத் தோலுரிப்பது. விற்பனையைப் பழித்த பாட்டின் நடையையே விற்பனைக்கு எடுத்துக்கொண்டார்கள். ஆக, ஒரு பக்கம் பாட்டை வாங்கிவிட்டோம், குரல் அதனுடன் வந்துவிடும் என்ற நம்பிக்கை. மறுபக்கம் பாட்டைத் தொடவே இல்லை, ஆகவே குரலும் பொதுச்சொத்து என்ற நம்பிக்கை. இரண்டு நம்பிக்கைகளும் ஒரே இடத்தில் தடுக்கி விழுந்தன.

பதிலியாகக் கிடைத்த இருவரை அருகருகே நிறுத்தும்போதுதான் எதிர்பாராத உறவு கண்ணில் படுகிறது. மிட்லருக்காகப் பாடிய ஊலா ஹெட்விக், மிட்லரின் ‘ஹார்லெட்ஸ்’ என்ற பின்பாட்டுக் குழுவில் பத்தாண்டுகள் பாடியவர். வெயிட்ஸுக்காகப் பாடிய ஸ்டீஃபன் கார்ட்டர் டாலஸ் நகரத்து இசைக்கலைஞர். தன் குழுவுடன் பத்தாண்டுகள் வெயிட்ஸின் பாடல்களைப் பாடிப் பாடி அந்தக் குரலைத் தொண்டைக்குள் ஏற்றியவர். ஒருவர் மேடையில் அசலுக்குப் பின்னால் நின்று கற்றார். மற்றவர் அசலை விட்டுத் தொலைவில் இருந்து, ரசிகராகக் கற்றார். காலம் மட்டும் இருவருக்கும் ஒன்றே. விளம்பர நிறுவனங்கள் சில நாள்களில் வாங்க நினைத்த ஒற்றுமையின் பின்னால் பத்தாண்டு நெருக்கம் இருந்தது. பிறர் குரலை இந்த அளவுக்குப் பிடிப்பவர்கள் பெரும்பாலும் அந்தக் குரலை நேசிப்பவர்கள். போலிக் குரல் என்றதும் நாம் கற்பனை செய்யும் திருட்டு முகம் இந்த இருவரிடமும் இல்லை.

இனி கோரிக்கைக்கு வருவோம். ஹெட்விக்குக்கு வந்த கோரிக்கையில் மறைப்பு எதுவும் இல்லை. மிட்லரின் அந்தப் பதிவைப் போல் பாடக்கூடியவர் வேண்டும் என்றார்கள். இசைக்கருவி இல்லாமல் வெறுங்குரலில் ஒரு டெமோ பாடச் சொன்னார்கள். பிறகு ஒலிப்பதிவின்போது இசைத்தட்டைக் கேட்கவைத்து, முடிந்தவரை அதைப் போலவே பாடச் சொன்னார்கள். கோரிக்கை மேலிருந்து கீழே இறங்கியபோது அதன் ஒரு சொல்லும் மாறவில்லை. கேட்டது என்னவோ அதுவே ஒலிவாங்கி வரை வந்து சேர்ந்தது.

டொரிட்டோஸில் நடந்தது இதற்கு நேர்மாறு. முதலில் ஆழ்ந்த, ப்ளூஸ் வாசனையுள்ள குரல் கொண்ட மரியாதைக்குரிய பாடகர் ஒருவரை வைத்துப் பதிவு செய்தார்கள். கேட்டவர்களுக்குப் பிடிக்கவில்லை. அடுத்து கரகரப்பான குரல் உள்ளவர்களாகத் தேடினார்கள். வெயிட்ஸை நன்றாகப் பாடுவார் என்று ஓர் ஒலிப்பதிவாளர் சொல்லியனுப்ப, கார்ட்டர் ஆடிஷனுக்கு வந்தார். கேட்டவர்கள் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்தார்கள், அவ்வளவு ஒற்றுமை. இவ்வளவு ஒத்திருப்பதாலேயே வேலை கிடைக்காமல் போகலாம் என்று இசை இயக்குநர் கார்ட்டரிடமே சொன்னார். ஆனாலும் வேலை அவருக்குத்தான் கிடைத்தது.

இங்கிருந்து எச்சரிக்கை கீழிருந்து மேலே ஏறத் தொடங்குகிறது. ஒலிப்பதிவின்போது, வெயிட்ஸின் சாயலைக் கொஞ்சம் குறைத்துப் பாடும்படி தயாரிப்பாளர் கார்ட்டரிடம் கேட்டார். குறைத்துப் பாடிய டேக் யாருக்கும் ருசிக்கவில்லை. வெயிட்ஸ் இதை விரும்பமாட்டார் என்று கார்ட்டர் சொன்னார். தயாரிப்பாளருக்கும் அது தெரிந்தே இருந்தது. தன் கவலையை மேலதிகாரியிடம் சொன்னதுடன், முன்னெச்சரிக்கையாக இன்னொரு பாடகரை வைத்து மாற்றுப் பதிவு ஒன்றையும் தயார் செய்தார். விளம்பரம் வானொலி நிலையங்களுக்குப் போகவேண்டிய நாளன்று அந்த மேலதிகாரி வழக்கறிஞரிடம் தொலைபேசியில் பத்து நிமிடம் ஆலோசனை கேட்டார். அவர் கேட்ட கேள்வி இதுதான்: வெயிட்ஸின் இசை தரும் அதே உணர்வைக் கொண்டுவர முயலும் விளம்பரத்தால் சிக்கல் வருமா? வழக்கு வரும் வாய்ப்பு பெரிது, ஆனால் இசைப் பாணிக்கு யாரும் உரிமை கோர முடியாது, ஆகவே வழக்கு நிற்காது என்பது பதில். வாடிக்கையாளரிடம் இரண்டு பதிவுகளும் போயின. ஆபத்தையும் சொன்னார்கள்; வழக்கு வந்தால் செலவைத் தாங்களே ஏற்பதாகவும் சொன்னார்கள்; கார்ட்டரின் பதிவையே பரிந்துரைத்தார்கள். ஃபிரிட்டோ-லே அதையே எடுத்துக்கொண்டது.

இந்த இடத்தில் சற்று நின்று பார்க்க வேண்டும். ஒலிப்பதிவுக் கூடத்தில் எல்லோரும் பேசியது ஒரு மனிதரின் குரலைப் பற்றி. அதே செய்தி படிப்படியாக மேலே ஏறி வழக்கறிஞரின் காதுக்குப் போனபோது ‘இசையின் உணர்வு’ என்று மெலிந்துபோயிருந்தது. கேள்வி மெலிந்ததால் பதிலும் மெலிந்தது. மிட்லர் வழக்கில் கோரிக்கை தெளிவாகக் கீழே இறங்கியது. வெயிட்ஸ் வழக்கில் எச்சரிக்கை மங்கலாக மேலே ஏறியது. முதலாவதில் யாரும் தவறாகப் புரிந்துகொள்ளவில்லை, சரியாகப் புரிந்துகொண்டு செய்தார்கள். இரண்டாவதில் எல்லோருக்கும் புரிந்திருந்தது, ஆனால் புரிந்ததை யாரும் அதன் பெயரால் சொல்லவில்லை.

குரலின் இயல்பிலும் இருவரும் வேறு வேறு. மிட்லர் பாடிய பாட்டு அவருடையது அல்ல. பாபி ஃப்ரீமன் 1958இல் துள்ளலாகப் பாடிப் புகழ்பெற்றது. மிட்லர் 1972ஆம் ஆண்டு ஆல்பத்தில் அதன் வேகத்தைத் தளர்த்தி, மூச்சோடு மூச்சாக, காதோரம் பேசுவதுபோல் பாடினார். அவருடைய அடையாளத்தில் பெரும்பங்கு பாடும் விதத்தில் இருந்தது: எந்தச் சொல்லில் நின்றார், எந்த எழுத்தை நீட்டினார் என்பதில். வெயிட்ஸின் அடையாளமோ தொண்டையிலேயே இருக்கிறது. தூக்கமில்லாத இரவுகளும் புகையும் மதுவும் சேர்ந்து உரசியதுபோன்ற கரகரப்பு அது. எந்தச் சொல்லைப் பாடினாலும் கூடவே வரும்.

இந்த வேறுபாட்டை வைத்துப் பார்த்தால், மிட்லர் வழக்கில்தான் ‘பாணி வேறு, குரல் வேறு’ என்ற வாதம் வலுவாக இருந்திருக்க வேண்டும். வெயிட்ஸ் வழக்கில் அது எடுபட இடமே இருந்திருக்கக் கூடாது. நடந்ததோ தலைகீழ். அந்த வாதத்தைப் பெரிதாக முன்வைத்தது டொரிட்டோஸ் தரப்பு. கரகரப்பு யாருக்கும் சொந்தமில்லை, அந்தப் பாணியில் பாடியவர்கள் முன்பும் உண்டு என்றார்கள். நீதிமன்றம் அதை மறுக்கவில்லை. பாணி பொதுவானதுதான், ஆனால் கேட்பவர் ஒரு குறிப்பிட்ட மனிதரை அடையாளம் காணும்படி அவர் குரலைப் பிரதி எடுத்தால் அது பாணியைத் தாண்டிய செயல் என்றது. மிட்லர் தீர்ப்பு வைத்த எல்லையும் கச்சிதமானது. விளம்பரத்துக்காகக் குரலைப் போலி செய்வதெல்லாம் குற்றம் என்று அது சொல்லவில்லை. தொழில்முறைப் பாடகர் ஒருவரின் தனித்தன்மையுள்ள குரல், பரவலாக அறியப்பட்டிருந்து, ஒரு பொருளை விற்பதற்காக வேண்டுமென்றே போலி செய்யப்பட்டால், விற்பவர் தனக்கு உரிமையில்லாததை எடுத்துக்கொண்டார் என்றுதான் சொன்னது. முகம் ஒருவருக்கு எவ்வளவு சொந்தமோ அவ்வளவு சொந்தம் குரலும் என்பது அதன் அடிப்படை.

அடையாளம் காணப்பட்ட விதமும் ஒப்பிடத் தக்கது. மிட்லரிடம் பலர் வந்து, அது அச்சு அசல் உங்கள் குரல்தான் என்றார்கள். ஹெட்விக்கின் நண்பர்களே அது மிட்லர் பாடியது என்று நினைத்தார்கள். வெயிட்ஸ் லாஸ் ஏஞ்சலஸ் வானொலி நிகழ்ச்சி ஒன்றில் கலந்துகொண்டிருந்தபோது அந்த விளம்பரத்தைத் தன் காதாலேயே கேட்டார், அதிர்ந்தார். தான் கொள்கையை விற்றுவிட்டதாக ஊர் நினைக்கும் என்பது அந்தக் கணத்திலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. அந்த விளம்பரம் 61 சந்தைகளில் 250க்கும் மேற்பட்ட நிலையங்களில் ஒலித்தது.

இழப்பீட்டில்தான் இரண்டும் துல்லியமாகப் பிரிகின்றன. மிட்லருக்கு 1989இல் ஜூரி 4,00,000 டாலர் வழங்கியது. அதைக் கட்டவேண்டியது விளம்பர நிறுவனம். வெயிட்ஸுக்குக் குரல் அபகரிப்புக்காகக் கிடைத்த இழப்பீடு 3,75,000 டாலர்; அதற்கு மேல் தண்டனையாக 20 லட்சம் டாலர். அந்த 3,75,000ஐப் பிரித்துப் பார்த்தால், பாடியிருந்தால் கிடைத்திருக்கும் கூலி என்று ஒதுக்கியது 1,00,000 மட்டுமே. 2,00,000 மன அமைதி குலைந்ததற்கு. 75,000 நற்பெயருக்கும் தொழில் மதிப்புக்கும் நேர்ந்த சேதத்துக்கு. கூலியைவிட மனக்காயமே பெரிது என்று ஜூரி எடைபோட்டிருக்கிறது. விளம்பரத்தில் பாடவே மாட்டேன் என்றவரைப் பாடியதாகக் காட்டுவது, சம்பளம் தராமல் வேலை வாங்குவதைவிடக் கொடியது என்பது அதன் பொருள்.

தண்டனைத் தொகை ஏன் இரண்டாவதில் மட்டும்? மிட்லர் தீர்ப்பு வந்தது 1988 ஜூனில். டொரிட்டோஸ் விளம்பரம் ஒலித்தது அதே ஆண்டு செப்டம்பரிலும் அக்டோபரிலும். யங் அண்ட் ரூபிகாம் விளம்பரம் எடுத்தபோது இப்படி ஒரு தீர்ப்பு இல்லை. 1970இல் நான்சி சினாட்ரா இதேபோன்ற வழக்கில் தோற்றிருந்தார் என்பதுதான் முன்மாதிரி. டிரேசி-லாக்குக்கு மூன்று மாதப் பழமையான தீர்ப்பும், அதைச் சுட்டிக்காட்டிய வழக்கறிஞரும், கையில் மாற்றுப் பதிவும் இருந்தன. ஒருவர் இருட்டில் நடந்தார். மற்றவர் விளக்கைப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

இவ்வளவு வேறுபாடுகளுக்கும் அடியில் ஓர் ஒற்றுமை இருக்கிறது. இரண்டு வழக்கிலும் பாடியவர் மேல் வழக்குப் பாயவில்லை. கார்ட்டர் நீதிமன்றத்துக்கு வந்தது சாட்சியாக. அவர் சொன்னது வெயிட்ஸின் தரப்புக்கே வலு சேர்த்தது. ஒத்த குரலில் பாடுவது ஒரு கலை, அந்தக் கலைக்குத் தடையில்லை. டாம் ஹாங்க்ஸ் குரல் கொடுத்த ‘டாய் ஸ்டோரி’ படப் பாத்திரமான வுடிக்கு விளையாட்டுகளிலும் பொம்மைகளிலும் அவருடைய தம்பி ஜிம் ஹாங்க்ஸ் பல ஆண்டுகளாகக் குரல் கொடுத்துவருகிறார். கேட்பவர் ஏமாறும் அளவுக்கு ஒற்றுமை. ஆனாலும் சிக்கல் இல்லை. காரணம், குரலுக்குரியவரின் சம்மதம். ஒற்றுமையின் அளவை வைத்து நல்லது கெட்டது பிரிக்க முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

அப்படியானால் ‘இன்னார் மாதிரி’ என்ற வரியைப் படிப்பவர் இந்த இரண்டிலிருந்தும் எதை எடுத்துக்கொள்ளலாம்? மிட்லர் கதை சொல்வது, கோரிக்கையில் ஒரு குறிப்பிட்ட பதிவு சுட்டப்பட்டால் அதை நேர்ப்பொருளிலேயே படிக்க வேண்டும் என்பது. ‘மோர்கன் ஃப்ரீமன் மாதிரி’ என்பதைப் பிரித்து எழுத முடியும்: அறுபதைத் தாண்டிய வயது, கீழ்ச்சுருதி, அவசரமின்மை, வாக்கியத்தின் கடைசிச் சொல்லுக்கு முன் ஒரு சிறு இடைவெளி, அறிவுரை சொல்லாமல் நம்பிக்கை தரும் தொனி. இப்படி எழுதிய பட்டியலுக்குப் பொருந்தும் குரல் கலைஞர்கள் எந்த நகரத்திலும் இருப்பார்கள். அவர்கள் ஒவ்வொருவரும் அதைத் தங்கள் குரலில்தான் பேசுவார்கள். ஆனால் ஒரு குறிப்பிட்ட பதிவைப் போட்டுக்காட்டி ‘இதேபோல்’ என்றால், அங்கே பட்டியலுக்கு வேலையில்லை.

வெயிட்ஸ் கதை கற்றுத்தருவது இன்னும் நுட்பமானது. ஃபிரிட்டோ-லேவுக்காக மூன்று வகைக் குரல்கள் முயலப்பட்டன: ஆழ்ந்த ப்ளூஸ் குரல், சாயல் குறைத்த கார்ட்டர், மாற்றுப் பாடகர். மூன்றும் ஒதுக்கப்பட்டன. கரகரப்பும் துள்ளலும்தான் தேவை என்றால் அவற்றில் ஒன்றாவது தேறியிருக்க வேண்டும். எது ஒதுக்கப்பட்டது என்பதே கேட்பவரின் உண்மையான விருப்பத்தைச் சொல்லிவிடுகிறது. அவர் வாயால் ‘உணர்வு’ என்று எத்தனை முறை சொன்னாலும், சாயல் குறைந்ததும் முகம் சுளித்தால் அவர் கேட்டது ஒரு மனிதரைத்தான். ஆகவே பெயர் சொல்லி வரும் எந்தக் கோரிக்கைக்கும் பெயரை நீக்கிய ஒரு டேக்கைச் சேர்த்து அனுப்புவது நல்ல பழக்கம். அந்த டேக் பிடித்திருந்தால் வேலை குரல் கலைஞருக்குரியது. பிடிக்கவில்லை என்றால், அடுத்த அழைப்பு அந்தப் பிரபலத்தின் மேலாளருக்குப் போக வேண்டும். அவர் மறுத்துவிட்டால் அந்த விளம்பரத்துக்கு வேறு யோசனை தேவை.

அந்த டேக்கைப் பற்றிய குறிப்பையும் கூடத்தில் பேசிய அதே சொற்களில் எழுதிவைக்க வேண்டும். டிரேசி-லாக்கில் அறிவு குறைவாக இருக்கவில்லை. இசை இயக்குநர், பாடகர், தயாரிப்பாளர் என்று ஒலிவாங்கியின் அருகே நின்ற மூவருமே உண்மையைக் கண்டுகொண்டார்கள். அவர்கள் கண்டது ‘இது வெயிட்ஸின் குரல்’ என்ற மூன்று சொல் வாக்கியம். அது அப்படியே வழக்கறிஞரின் மேசைக்குப் போயிருந்தால் அவர் கூறிய பதில் வேறாக இருந்திருக்கும். கோரிக்கையைச் சரியாகப் படிப்பது பாதி வேலைதான். படித்ததை மெலியவிடாமல் மேலே கொண்டுசேர்ப்பது மீதிப் பாதி. அந்தப் பொறுப்பை ஏற்க அந்த அறையில் மிகவும் தகுதியானவர், குரல்களை வேறுபடுத்திக் கேட்பதையே தொழிலாகக் கொண்டவர்தான்.